நகத்தடி நீலம்

மூன்றாவது வாரத்திலேயே முத்துப்பேச்சியை வார்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவது என்று சித்ராதேவி சிஸ்டர் முடிவு செய்திருந்தாள். அவசரப் பிரிவின் வாசல் மேஜையில் புது நர்சுகளைப் பழக்குவது அவள் பொறுப்பு. வருகிறவரைப் பார்த்த மாத்திரத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அட்டை மாட்ட வேண்டும். சிவப்பு என்றால் டாக்டர் ஓடி வருவார்; பச்சை காத்திருக்கலாம். முத்துப்பேச்சியோ பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்ப்பாள். அதற்குள் வரிசை ரோட்டுக்குப் போய்விடும்.

விளாத்திகுளம் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து நல்லூரில் தங்கிவிட்ட குடும்பம் அவளுடையது. பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங். துணியில் கறையும் ஓட்டையும் தேடுகிற வேலை. பிறகுதான் நர்சிங் படித்தாள். "உடம்பு இங்க இருக்குது, கண்ணு இன்னும் செக்கிங் டேபிள்லயே இருக்குது" என்று சித்ராதேவி கடிந்துகொள்வாள்.

2007 சித்திரையில் ஒரு மத்தியானம், சாயப்பட்டறையிலிருந்து சாமியப்பன் என்பவர் தானே நடந்து வந்தார்.

"லேசா தலை சுத்துதுங்க. மத்தவங்கள மொதல்ல பாருங்க, நான் இருக்கறனுங்க."

பின்னால் கை நசுங்கிய ஒருவர் அலறிக்கொண்டிருந்தார். "பச்சை போட்டு உக்கார வெய்யி" என்றாள் சித்ராதேவி.

முத்துப்பேச்சி பிடித்த சாமியப்பனின் விரலை விடவில்லை. நகமெல்லாம் நீலம்.

"சாயப்பட்டறைக் கை கண்ணு, அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தார் சாமியப்பன். சித்ராதேவியும் அதையேதான் நினைத்தாள். திருப்பூரில் நீலக் கையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

"சாயம்னா நகத்து ஓரத்துலல்லா அப்பியிருக்கும், சிஸ்டர். இது அடியில இருக்கு" என்ற முத்துப்பேச்சி, "நாக்க நீட்டுங்க அண்ணாச்சி" என்றாள்.

நாக்கும் நீலம். அவளே சிவப்பு அட்டையை மாட்டி ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டாள்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"மோருங்க. உப்பு பத்தலைன்னு மூட்டையில ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டனுங்க."

துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். பட்டறையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், மோருக்கும் அதில்தான் எடுப்பார்கள். அன்றைக்குக் கை போனது பக்கத்திலிருந்த நைட்ரைட் மூட்டைக்கு; அதுவும் உப்பு மாதிரி வெள்ளைப் பொடிதான், ஆனால் ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாத விஷம்.

டாக்டர் எடுத்த ரத்தம் டிகாஷன் நிறத்தில் வந்தது. அதற்குக் கொடுத்த மருந்தும் நீலம்தான். அது ஏற ஏற, சாமியப்பனின் உதடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. அத்தனை வருஷ வேலையில் சித்ராதேவி அப்படியொன்றைக் கண்டதில்லை, கும்பிடத் தோன்றியது. மருந்தையா, அந்தப் பெண்ணின் கண்ணையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்கார வெச்சிருந்தா ஆளு போயிருப்பார்" என்றார் டாக்டர்.

அடுத்த மாதம் புதிதாக ஆறு பெண்கள் வந்தார்கள். சித்ராதேவி முத்துப்பேச்சியைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சாமியப்பன் கதையைச் சொன்னாள். ஒரு பெண் கேட்டாள்: "பச்சை போடச் சொன்னது யாருங்க சிஸ்டர்?"

முத்துப்பேச்சி தலை குனிந்துகொண்டாள்.

"நான்தானுங்க" என்றாள் சித்ராதேவி.