சுவரில் எழுதிய பலெனித் தீவுகள்

1. சுவர்

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் கல்முனையில் போர்ட் எழுதுவது என் தொழில். கடைப் பலகை, தோணிப் பெயர், பஸ்ஸின் நெற்றி எழுத்து என்று எது வந்தாலும் செய்வேன். சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உலகப் படம் வரையக் கூப்பிட்டார்கள். பாடங்கள் தமிழில் நடக்கத் தொடங்கியிருந்தன. ஆனால் தமிழில் அச்சிட்ட படம் எங்கேயும் கிடைக்கவில்லை. ஹெட்மாஸ்டர் தன்னுடைய இங்கிலீஷ் அட்லஸை என் கையில் தந்து, "இத அப்படியே சுவருக்குக் கொண்டு வாங்க. பேரெல்லாம் தமிழில" என்றார்.

முதல் நாள் முழுவதும் கட்டம் போடுவதிலேயே போனது. அட்லஸில் சின்னக் கட்டம், சுவரில் பெரிய கட்டம். நீலத்தூள் தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். பிறகு கடலுக்கு நீல எனாமல், தரைக்கு மஞ்சள். அடியில், பனிக்கண்டத்துக்குச் சற்று மேலே, ஈ உட்கார்ந்த மாதிரி சில புள்ளிகள் இருந்தன.

"இதுகள விடுவமா சேர்? பிரஷ் முனைக்குள்ளயே அடங்காது" என்றேன்.

"விடப்படாது. தென்துருவ வட்டம் எண்டு ஒரு கோடு போடப் போறீங்க. வெறும் தண்ணிக்குள்ள கோட்டக் காட்டினா புள்ளைகளுக்கு என்ன விளங்கும்? இந்தத் தீவுகளுக்கு ஊடாலதான் அந்தக் கோடு போகுது. அடையாளத்துக்கு இது வேணும்."

புள்ளிகளை வைத்தேன். பக்கத்தில் பெயர் எழுத வேண்டும். கீழே நின்று பார்க்கிற பிள்ளைக்குத் தெரியவேண்டுமென்றால் எழுத்து ஒரு சாண் உயரமாவது வேண்டும். 'பலெனித் தீவுகள்' என்று எழுதி முடித்தபோது தீவுகளைவிடப் பெயர் பல மடங்கு பெரிதாக நின்றது. போர்ட் எழுதுகிறவனுக்கு அது பிழையாகப் படாது. எனக்கும் படவில்லை.

2. பழனி

அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துப்புரவாக்குகிறவள் சுபைதா. அவளுடைய புருசன் ஆதம்பாவா மீன்பிடிக்கப் போனவன். முந்தின மாரிக்காற்றில் அவனும் இன்னும் இரண்டு பேரும் போன தோணி திரும்பி வரவில்லை. ஒரு பலகைகூடக் கரையில் ஒதுங்கவில்லை. மற்ற இரண்டு வீடுகளிலும் இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதி முடித்துவிட்டார்கள். சுபைதா ஓதவிடவில்லை.

அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், காசீம் மருதமுனையில் தறி நெய்கிறவர். தங்கச்சியையும் அவளுடைய மகளையும் அவர்தான் பார்த்து வந்தார். கலியாண விவகாரம் தீர்க்கிற காதியாரிடம் போய், ஆதம்பாவா இறந்ததாக முடிவு கேட்டு, அவள் இத்தா இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். புருசன் மௌத்தானவள் வீட்டுக்குள் ஒதுங்கி இருக்கும் காலம்தான் இத்தா. அதை முடித்தால்தான் அவளுக்கு ஒரு வழி பார்க்கலாம். "மையத்தக் காணாம நான் என்னத்துக்கு இரிக்கிற?" என்று, உடல் கிடைக்காததைச் சொல்லி அவள் மறுத்துவிட்டாள்.

ஒரு நாள் வகுப்பு கலைந்த பிறகு பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். விளக்குமாற்றைப் பிடித்தபடி அவள் சுவருக்குக் கீழே நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"காக்கா, இது பழனியா?" என்று என்னைக் கேட்டாள்.

"பழனி இல்ல தங்கச்சி. பலெனி."

"வினாயகபுரத்தில பழனி எண்டு ஒரு மீன்காரர் இரிந்தாரு. எங்கட வாப்பாட கூட்டாளி. நம்மட பக்கத்துப் பேர்தானே? அப்ப அங்க தமிழ் கதைக்கிற ஆக்கள் இரிக்காங்களா?"

"அது இங்கிலீஷ்காரன் வெச்ச பேர். அங்க ஆக்கள் இல்ல எண்டுதான் சேர் சொன்னாரு."

"ஆளில்லாத இடத்துக்கு யாரும் இவ்வளவு பெரிசாப் பேர் எழுதுவாங்களா?" என்றாள். விரலை இலங்கையில் வைத்து, நீலத்தின்மேல் கிழக்கே சாய்த்துக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். "தெக்க நீரோட்டம் இழுத்தா இங்கதானே போய்ச் சேரணும்."

அடுத்த கிழமைக்குள் அவளுடைய ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கதை பரவிவிட்டது. ஆதம்பாவா பழனித் தீவில் இருக்கிறானாம். கப்பல் வந்தால் வருவானாம். மகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

3. காசீம் வந்த நாள்

காசீம் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஹெட்மாஸ்டருக்கு ஸலாம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"சேர், அந்தத் தீவ அழிச்சிடுங்க."

"இரிக்கிற நிலத்த நான் எப்படி இல்லெண்டு சொல்ற?"

"ஒங்களுக்கு அது ஒரு புள்ளி. எனக்கு எண்ட தங்கச்சிட சீவியம். அவட புள்ள ஒவ்வொரு நாளும் கடக்கரைக்குப் போய் நிக்கிது சேர்."

காசீம் என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் நீல எனாமல் டின் திறந்தபடி இருந்தது. இரண்டு இழுப்பு இழுத்தால் எல்லாம் கடலாகிவிடும். பிரஷை எடுத்தேன். "வெய்ங்க அத" என்றார் ஹெட்மாஸ்டர். "அழிச்சா, நாம ஒளிக்கிறம் எண்டுதான் அவ நினைப்பா. கூப்பிடுங்க, நான் கதைக்கிறன்."

சுபைதா வந்து, பிள்ளைகள் இருக்கிற வாங்கில் உட்காராமல் கதவோடு நின்றாள். ஹெட்மாஸ்டர் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்து வைத்து, வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். எரிமலை எழுந்து உறைந்த தீவுகள். மேலே முழுக்கப் பனிக்கட்டி. மரம், புல், குடிக்கிற தண்ணீர் ஒன்றும் இல்லை. கரை என்று ஒன்று இல்லை, செங்குத்தான பாறைதான். சுற்றிவர உறைந்த கடல்.

"அப்ப பேர்?" என்று கேட்டாள்.

"தீவுக் கூட்டத்துக்கு அதக் கண்ட கப்பல் கேப்டன்ட பேர். ஒவ்வொரு தீவுக்கும் கப்பலுக்குப் பணம் போட்ட வியாபாரிகள்ற பேர். அவங்க ஊரிலயே இரிந்தவங்க. தீவக் கண்ணால கண்டதில்ல."

"கப்பல்ல போன ஆக்கள் இறங்கினாங்களா?"

ஹெட்மாஸ்டர் பக்கத்தைத் திருப்பினார். "வள்ளத்தில கிட்டப் போனாங்க. ஒராள் குதிச்சிருக்கான். இடுப்பளவு தண்ணி. நிக்க இடமில்ல. கொஞ்சம் கல்லப் பொறுக்கிட்டு ஏறிட்டான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் புள்ள."

காசீம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் அவள் சொன்னது இதுதான்: "கப்பலும் வள்ளமும் வெச்சிக்கிட்டுப் போன ஆக்களுக்கே கால் வெக்க ஏலல்ல. இவரு உடுத்த சாரனோட போன மனிசன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னிடம், "அழிக்க வேணாம் காக்கா. அது பாட்டில கிடக்கட்டும். அங்க அவரு இல்ல" என்றாள்.

அந்த வாரமே காதியாரிடம் போனார்கள். சுபைதா இத்தா இருந்தாள். ஆதம்பாவாவுக்குக் கத்தம் ஓதினார்கள், நானும் போயிருந்தேன். கதவுக்குப் பின்னால் அவள் அழுகிற சத்தம் கேட்டது. ஒரு வருசம் அடக்கி வைத்திருந்த அழுகை. சாப்பாட்டில் யாருக்கும் கை போகவில்லை. இத்தா முடிந்து அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. காசீமின் வீட்டில் தறியில் உட்கார்ந்தாள். மறுகலியாணப் பேச்சு இரண்டு தரம் வந்ததாகவும் அவள் வேண்டாம் என்றதாகவும் கேள்விப்பட்டேன்.

4. எழுத்துக்காரனுக்கு

அதற்குப் பிறகு நற்பிட்டிமுனை, ஆலையடிவேம்பு என்று பல பள்ளிக்கூடங்களில் உலகப் படம் வரைந்தேன். தீவை விட்டதில்லை. ஆனால் குடியில்லாத தீவு ஒவ்வொன்றின் பெயருக்குக் கீழும் சின்ன எழுத்தில் 'ஆளில்லை' என்று சேர்த்தேன். பெயரையும் ஒரு சாண் உயரத்துக்கு எழுதுவதை நிறுத்தினேன்.

ஆலையடிவேம்பில் ஒரு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சுவரருகே குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன இது? எந்த அட்லஸில இப்படி இருக்கு?"

"ஒண்டிலயும் இல்ல சேர்."

"பிறகு ஏன் எழுதினீர்?"

வேலை போகும் என்று பயமாக இருந்தது. என்றாலும் சொன்னேன். "கடலுக்குப் போன ஆக்கள்ற வீட்டிலயும் இத வாசிப்பாங்க சேர்."

அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அழி என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எழுத்து நேராக இருக்கிறதா, பெயின்ட் வழிகிறதா என்பதையெல்லாம் கொஞ்ச நாளில் கை பழகிக்கொள்ளும். யார் வந்து அதை வாசிக்கப் போகிறார்கள் என்று பிரஷ் நனைக்கும்போதே நினைக்க வேண்டும். அது கைக்குப் பழக்கமாவதில்லை. ஒவ்வொரு சுவரிலும் புதிதாக நினைக்க வேண்டியிருக்கிறது.