திருத்தணியில் மஞ்சளைக் கழுவிய இருவர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையும் அரசியல் அறிவியல் துறையும் ஒரே தாழ்வாரத்தில் இருக்கின்றன. நடுவில் இரண்டு பலகைகள். ஒன்று 'மாணவர் சாதனைகள்', இன்னொன்று 'வாய்ப்புகள்'. சாதனைப் பலகையில், கயிறு இழுக்கும் போட்டியில் நாங்கள் இரண்டாம் பரிசு வாங்கிய படம் இருக்கிறது. (போட்டியிட்டவை மொத்தம் இரண்டு அணிகள்.) வாய்ப்புப் பலகையில் நான் எம்.ஏ. சேர்ந்த நாளிலிருந்து நாலு குண்டூசிகளைத் தவிர எதையும் பார்த்ததில்லை. போன பிப்ரவரியில் திடீரென்று அதில் ஒரு தாள் தொங்கியது.

ஓர் ஆவணக் காப்பகத்தில் மூன்று மாதப் பயிற்சி. இரண்டு துறைகளிலிருந்தும் துறைக்கு ஒருவராகச் சேர்ந்த ஓர் அணிக்கு மட்டும் இடம். நீங்களே களத்தில் போய்க் குறைந்தது நூறு மூலச் சான்றுகளைத் திரட்டி அறிக்கை எழுத வேண்டும். அந்த வட்டத்தில் வேலை பார்க்கும் அரசு ஊழியர் ஒருவர், உங்களை நேரில் பார்த்ததாகச் சான்று தர வேண்டும். கடைசி நாள் திங்கள்கிழமை, மாலை ஐந்து மணி.

எனக்கு அந்த இடம் கட்டாயம் தேவைப்பட்டது. இந்த வருடமும் ஒன்றும் அமையாவிட்டால் ஜூனில் பெரியப்பாவின் டைல்ஸ் கடையில் உட்கார வேண்டும் என்று அப்பா கெடு வைத்திருந்தார். இதுவரை பழைய கல்லைப் பார்த்தாய், இனிமேல் புதுக் கல்லைப் பார்க்கப் போகிறாய், அவ்வளவுதானே வித்தியாசம் என்பது அவர் வாதம்.

என் கூட்டாளி இம்ரான், அரசியல் அறிவியல். அரக்கோணத்துக்காரன். அவன் அப்பா அங்கே பைக் மெக்கானிக். திருத்தணியைச் சொன்னவன் அவன்தான். ஊர் ஒரு காலத்தில் ஆந்திரத்தில் இருந்து, பிறகு எல்லையைத் திருத்தியபோது தமிழ்நாட்டுக்கு வந்தது. மலைக்கோவில் படிகளில் கல் போட்டுக் கொடுத்தவர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். கீழ்ப்படிகள் பழையவை, மேலே போகப் போகப் புதியவை என்று வைத்துக்கொண்டால், எந்தப் படியில் தெலுங்கு முடிந்து தமிழ் தொடங்குகிறதோ அங்கே எல்லை மாறியிருக்கிறது. கேட்கும்போது அறிவாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை 5.40க்கு சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறினேன். டிக்கெட் 20 ரூபாய். திருவள்ளூர் வரை தூக்கம். மணவூரில் முல்லைப்பூக் கூடையோடு ஏறிய ஒரு அம்மா, என் பக்கெட்டையும் தேங்காய் நார் பிரஷ்ஷையும் பார்த்துவிட்டு, "கக்கூஸ் காண்ட்ராக்டா தம்பி?" என்று அக்கறையாக விசாரித்தார். இல்லை, ஆராய்ச்சி என்றேன். அவர் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அரக்கோணத்தில் இம்ரான் ஏறினான், 7.45க்குத் திருத்தணி. நிலையத்திலிருந்து படிக்கட்டு அடிவாரத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 20 ரூபாய்.

படிகள் மொத்தம் 365. படிகளைப் படம் எடுக்கலாமா என்று முந்தின நாளே போனில் அனுமதி கேட்டிருந்தோம், தாராளமாக என்றார்கள். கழுவலாமா என்று நாங்கள் கேட்கவில்லை. கழுவ வேண்டியிருந்தது ஏன் என்றால், இங்கே வேண்டுதல் பலித்தவர்கள் படிக்குப் படி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுவார்கள். கீழ்ப்படிகள் முழுக்க அப்படித்தான் மஞ்சளாக இருந்தன, எழுத்து எதுவும் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த மஞ்சள் ஈரமாக இருந்தது. காலத்தைக் கணிப்பது எங்கள் பாடம், அதில் எனக்கு நல்ல மதிப்பெண். நான் குனிந்து தொட்டுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, "நேத்தையது" என்று கணித்தேன். இம்ரான் அதை நோட்டில் குறித்தும் கொண்டான்.

8.15க்குத் தொடங்கினோம். அவன் தண்ணீர் கொண்டுவர, நான் தேய்க்க. ஏறி இறங்கியவர்கள் எல்லோரும் எங்களையும் வேண்டுதல்காரர்கள் என்றே நினைத்தார்கள். ஒருவர் நின்று, "இன்னா வேண்டுதல் நைனா?" என்று கேட்டார்.

"ட்ரெய்னிங் சீட் கிடைக்கணும்ங்க," என்றான் இம்ரான். பொய் இல்லை.

"இன்னா படிச்சிகினு கீறீங்க?"

"நான் பொலிட்டிகல் சயின்ஸ், இவன் ஹிஸ்டரி."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்குக் கழுவுனா மட்டும் பத்தாது நைனா. ஒரு காவடியும் எடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

10.15க்குள் அறுபத்திரண்டு படிகள் பளிச்சென்று இருந்தன. வாசிக்க முடிந்த பெயர்கள் ஒன்பது, ஒன்பதும் தமிழ். மற்றவை எல்லாம் ஜனங்களின் கால் பட்டுத் தேய்ந்து மழுங்கிப் போயிருந்தன. முதுகு விண்விண் என்றது. அப்போதுதான் கீழே, முதல் படியில், ஓர் அம்மா அசையாமல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். பக்கத்தில் ஓர் இளம்பெண், கையில் கட்டைப்பையோடு ஒரு பெரியவர்.

"என் மஞ்ச எங்க?" என்றார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

இம்ரான் நோட்டால் என்னைக் காட்டினான்.

"நேத்துப் பூசினதுன்னு நினைச்சோம்மா," என்றேன்.

"நேத்தா? ஆறரை மணிக்கு ஆரம்பிச்சு எட்டு மணி வரைக்கும் முட்டி வலியோட பூசிகினு இருந்தேன். மஞ்ச தீந்து பூட்ச்சி, பாவா பஸ்ல எடுத்துகினு வர்றாரேன்னு டிபன் சாப்பிடப் போனேன். கையே இன்னும் காயல, பாரு." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். மஞ்சள், மறுக்க முடியாத மஞ்சள்.

அவர் பெயர் லட்சுமம்மா. கனகம்மாசத்திரத்துப் பக்கம் நிலம் வைத்துப் பயிரிடுகிற குடும்பம். பாவா என்றது அவருடைய அக்கா வீட்டுக்காரரை. அந்தப் பெண் மகள் சுகுணா. எழுத்துத் தேர்வில் வென்று, வருகிற திங்கள்கிழமை திருத்தணி தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளராகச் சேரப் போகிறாள். அதற்கான வேண்டுதல்தான் இந்தப் படிகள். ஒரு படி விடாமல் பூசுவதாக நேர்ந்திருக்கிறார். நடுவில் அறுந்தால் ஆகாது. அறுத்தது நாங்கள்.

"நீங்க யாரு?" என்றாள் சுகுணா.

"எம்.ஏ. ஹிஸ்டரிங்க."

"நானும் ஹிஸ்டரிதான், பி.ஏ."

லட்சுமம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரே படிப்பு. இவ அதப் படிச்சு வேலை வாங்கிகினு வர்றா. நீ அதையே இன்னும் ரெண்டு வருஷம் சேத்துப் படிச்சு, வந்து கழுவிகினு கீற."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருவருடைய நேர்த்திக்கடனை பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறோம் என்ற வெட்கம் ஒரு பக்கம். ஒன்பது பெயரை வைத்துக்கொண்டு திங்கள்கிழமை என்ன செய்வது என்ற பயம் மறுபக்கம். பாவாதான் கட்டைப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல இருந்து ஆரம்பி லட்சுமி. பசங்களே பூசட்டும். பொட்டு மட்டும் நீ வை," என்று தீர்ப்புச் சொன்னார்.

இப்படியாக, நான் இரண்டு மணி நேரம் கழுவிய படிகளில் முதலாவதில் என் கையாலேயே மஞ்சளை அப்பினேன். "இவ்ளோ கெட்டியாவா பூசுவாங்க, சுவத்துக்கு சிமென்ட்டா?" என்று லட்சுமம்மா ஈரத்துணியால் மேலாக ஒரு இழுப்பு இழுத்தார். துடைத்த இடத்தில் கல் சாம்பல் நிறத்துக்கு வந்தது. பள்ளத்தில் மட்டும் மஞ்சள் தங்கியது. படி முழுக்க எழுத்து, ஒவ்வொன்றும் மஞ்சளில் எழுதிவைத்தது போல.

இம்ரான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து எதைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தோமோ, அதுதான் எழுத்தைக் காட்டும் பொருள்.

சந்தோஷம் ஒரு நிமிடம் நீடித்தது. எழுத்து தெலுங்கு. நான் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய குகைக் கல்வெட்டை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கிரந்தம் வாசிப்பேன், வட்டெழுத்தில் தேர்வு எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் ஓடும் ஆந்திரா பஸ்ஸின் பெயர்ப்பலகையை எனக்கு வாசிக்கத் தெரியாது. எல்லையைப் பற்றி ஆராயக் கிளம்பிய இருவரில் ஒருவருக்கும் அந்தப் பக்கத்து எழுத்து தெரியாது என்பது, அந்தப் படியில் மண்டியிட்டு உட்காரும் வரை எங்கள் இருவர் மூளையிலும் உறைக்கவில்லை.

"வெங்கடசுப்பய்யா, நாகலாபுரம்," என்று லட்சுமம்மா பொட்டு வைத்தபடியே சொன்னார். கல்யாணத்துக்கு முன்பு புத்தூர்ப் பக்கத்தில் எட்டாவது வரை தெலுங்கில் படித்தவராம்.

"அம்மா, அடுத்ததும் படிப்பீங்களா?" என்றேன்.

"பூசு, படிக்கிறேன்."

அதன்பிறகு எங்கள் ஆய்வு முறை இதுதான். பாவா மஞ்சளைக் கரைப்பார். நான் பூசுவேன். லட்சுமம்மா துடைத்து, வாசித்து, மறுபடி மெல்லிசாகப் பூசிப் பொட்டு வைப்பார். சுகுணா படியை எண்ணிச் சொல்வாள். இம்ரான் படம் எடுத்து எழுதிக்கொள்வான். எங்கள் பேராசிரியர்கள் கற்றுத்தந்த எந்த முறையிலும் இது இல்லை, ஆனால் ஒரு படிக்கு நாற்பது நொடிக்கு மேல் ஆகவில்லை.

நூறாவது படி தாண்டும்போது இம்ரான் முகம் வாடிவிட்டது. ஒரு படியில் தெலுங்கு, அடுத்ததில் தமிழ், அதற்கடுத்ததில் இரண்டும். ஓரிடத்தில் அப்பா பெயர் தமிழில், மகன் பெயர் தெலுங்கில். எல்லை எந்தப் படியிலும் நிற்கவில்லை. அவன் கொள்கை நொறுங்கிப்போன விஷயத்தைப் பாவாவிடம் முறையிட்டான்.

"எங்க வூட்லயே இதான்," என்றார் அவர். "இவங்க அக்கா தெலுங்குல திட்டுவா, நான் தமிழ்ல வாங்கிக்குவேன்."

பிற்பகல் 2.40க்கு 365ஆவது படி. 231 படிகளில் பெயர்கள் கிடைத்தன. தரிசனம் முடித்துக் கீழே வந்து, சாப்பாடு 90 ரூபாய், இரண்டு முறை சாம்பார் வாங்கினேன். அப்போதுதான் சான்றுக் கையெழுத்து நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை, ஆபீஸ் பூட்டு. கையில் இருந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன். சுகுணா எங்கள் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "திங்கக்கிழமை பத்து மணிக்கு ஜாயின் பண்றேன். அதுக்கப்புறம் நானும் அரசு ஊழியர்தான், வாங்க," என்றாள்.

ஞாயிறு முழுக்க அறிக்கை எழுதிவிட்டு, திங்கள்கிழமை மறுபடி அதே 5.40, அதே 20 ரூபாய். 10.20க்கு அவள் வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்தைப் போட்டாள். இரண்டாவது கையெழுத்து எங்களுக்கு. சான்றைத் தன் கையால் எழுதினாள். எழுதியதை இம்ரானும் நானும் எட்டிப் பார்த்துப் படித்தோம்: 'இம்மாணவர்கள் இருவரும் முதல் 62 படிகளில் அன்று காலை பூசப்பட்ட மஞ்சளை, முந்தைய நாளையது எனத் தவறாகக் கணித்துக் கழுவியதையும், பின்னர் 365 படிகளுக்கும் தாமே மஞ்சள் பூசிப் பெயர்களைப் பதிவு செய்ததையும் நேரில் பார்த்தேன். தெலுங்குப் பெயர்களை வாசித்தவர் என் தாயார்.'

"அந்தக் கழுவுன மேட்டர மட்டும் எடுத்துடலாமேங்க," என்று இம்ரான் கெஞ்சினான்.

"நான் பாத்தத தான எழுத முடியும்? பாதி பாத்தேன்னு எழுதவா?" என்றாள். வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டு ஓடி வந்து, மாலை 4.35க்குத் துறையில் கொடுத்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ரயில் நேரங்கள் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு, கிருத்திகை நாட்களில் படிகளில் கூட்டம் நெரியும், ஆய்வுக்குச் செவ்வாய் தவிர்த்த வேலைநாள் நல்லது. ஒன்பது மணிக்கு மேல் கல் சுடும், செருப்பில்லாமல்தான் ஏற வேண்டும். தண்ணீர் பாட்டில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் ஈரமாக இருந்தால் அது இன்றையது. பிரஷ்ஷை வீட்டிலேயே வைத்துவிட்டு, தெலுங்கு வாசிக்கத் தெரிந்த யாரையாவது கூட்டிப் போங்கள்.

புதன்கிழமை நேர்முகம். மூன்று பேராசிரியர்கள். எங்கள் நாற்பது பக்க அறிக்கையைப் புரட்டிய தலைவர், கடைசித் தாளில் நின்றுவிட்டார். ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். "கணித்தது யார்?" என்றார். இம்ரான் மறுபடியும் என்னைக் காட்டினான். டைல்ஸ் கடையின் கல்லா என் கண்ணுக்குத் தெரிந்தது.

மற்ற மூன்று அணிகளின் சான்றிலும் 'மிகச் சிறப்பாகப் பணியாற்றினர்' என்ற ஒரே வரிதான் இருந்ததாம். யாரோ ஒருவர் உண்மையிலேயே பக்கத்தில் நின்று பார்த்ததற்கு அடையாளம் எங்கள் சான்றில் மட்டுமே இருக்கிறது என்று சொல்லி, வெள்ளிக்கிழமை எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பாவிடம் சொன்னபோது, "மூணு மாசம்தானே," என்றார். ஆனால் பெரியப்பாவுக்கு அவரே போன் செய்து, இப்போதைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னதை அம்மா சொன்னாள்.

அன்று சாயங்காலமே சுகுணாவைக் கூப்பிட்டேன். சான்றை எழுதியவர் நன்றாக எழுதியிருக்கிறார், மேலே படிக்கச் சொல்லுங்கள் என்று எங்கள் தலைவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

"எனக்குத்தான் வேலை கீதே. நீங்க படிங்க," என்று சிரித்தாள்.

பின்னால் லட்சுமம்மாவின் குரல் கேட்டது. "பசங்களா? நல்ல வேலையும் கிடைக்கட்டும், அவங்களுக்கும் சேத்து நான் படி பூசறேன்னு வேண்டிகினேன், சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, "பூசற அன்னிக்கு அவங்க மலைப் பக்கமே வர வேணாம், அதையும் சொல்லிடு," என்றார்.