சூட்டோடு மூடிய பொடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகள் சமையலறை அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். கரம் மசாலா, சிக்கன் மசாலா, சாட் மசாலா என்று ஒவ்வொரு பாக்கெட்டாகக் கவிழ்த்து, அடியில் அச்சடித்த தேதியைப் படித்து, தேதி தாண்டியதைக் கூடையில் போட்டாள். பிரிக்காத பாக்கெட்டும் போயிற்று. குப்பைக்கூடைக்காகச் சண்டை போட இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை. கடைசியில் தேதியே இல்லாத ஒரு பாட்டில் மிஞ்சியது. திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது உறவுக்காரர் கொடுத்தனுப்பிய வீட்டுக் குழம்புப் பொடி. "அத்தை, இது இருக்கா, போச்சா? மோந்து பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டினாள்.

உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்டிக் கட்டைவிரலால் தேய்த்தேன். தேய்த்துச் சூடேறினால்தான் பொடி தன் வயதைச் சொல்லும். மல்லி செத்துப்போயிருந்தது. மரத்தூள் வாடை. போட்டுவிடச் சொன்னேன், அவளும் மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டாள். என் மூக்கை ஒருவர் அப்படியே நம்பியதும் எனக்குப் பாக்கியத்தின் ஞாபகம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் பார்த்த முதல் வேலை சத்துணவு அமைப்பாளர் வேலை. திட்டம் வந்த புதிது. முத்துப்பேட்டைக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். நோட்டும் பேனாவுமாக, பெரிய அதிகாரி என்ற நினைப்பில்தான் போய் இறங்கினேன். பிள்ளைகள் ஒரே வாரத்தில் எனக்குச் சோத்து டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சமையலுக்குப் பாக்கியம். காலனித் தெரு, புருஷன் இல்லை, ஒரே மகள் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் பெயர் சொல்லி, நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவர் என்னை டீச்சர், வாங்க என்றார். அது அப்போது யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான்.

அரிசி, பருப்பு, எண்ணெய் அரசாங்கத்திலிருந்து வந்துவிடும். மிளகாய், மல்லி, விறகு, காய்கறி நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். முத்துப்பேட்டையில் ஒரு ராவுத்தர் கடை. நான்கு மல்லியை விரலால் நசுக்கி நம் முகத்துக்கு நேரே நீட்டுவார். நாம் தலையாட்டிய பிறகுதான் தராசைத் தொடுவார். போன வருஷத்து மல்லி மலிவாகக் கிடைக்குமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். பிள்ளைகள் தின்கிற பண்டம் என்று கடையே கேட்கிற மாதிரி கடிந்துகொண்டார். அதற்கப்புறம் எங்கே போனாலும் எதையாவது நசுக்கி மோந்து பார்க்கிற பழக்கம் எனக்குத் தொற்றிக்கொண்டது. கல்யாண வீட்டில் ரசத்தை மோந்து பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பாக்கியம் எதையும் மோந்து பார்த்து நான் கண்டதில்லை. காதால் பார்ப்பார். வெயிலில் காய்ந்த மிளகாயைக் காதோரம் கொண்டுபோய்க் குலுக்குவார். விதை கலகலவென்றால் காய்ந்தது, இல்லையென்றால் இன்னொரு நாள் வெயில். மல்லி, துவரம்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, விரலி மஞ்சளைத் தட்டிப் போட்டு, மில்லுக்குக் கொண்டுபோவார். அங்கேயும் லேசில் விடமாட்டார். யாராவது கேழ்வரகு அரைத்துவிட்டுப் போயிருந்தால், இன்னொருவர் மிளகாய் அரைக்கிற வரை வரிசையை விட்டு ஒதுங்கி நிற்பார். அரைத்த பொடியைப் பேப்பரில் பரப்பி ஆறவிட்டு, தகர டின்னில் அமுக்கி, மேலே ஒரு துண்டு கட்டிப் பெருங்காயம் வைத்து மூடுவார்.

முதலில் குடியானத் தெருப் பிள்ளைகள் பாக்கியம் சமைக்கிறார் என்று தட்டே எடுத்து வரவில்லை. குழம்பு கொதிக்கிற வாசம் வகுப்பறை ஜன்னல் வழியாகப் போய் அவர்களை இழுத்து வந்தது. இரண்டு மாதத்தில் எல்லாத் தட்டும் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிட்டது. எல்லாம் என் சாமர்த்தியம் என்று நான் வேறு நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தாளடி அறுப்பில் கூலித் தகராறு வந்தது. நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். காலனியில் இன்னும் அரை மரக்கால் நெல் கேட்டார்கள், குடியானத் தெருவில் முடியாது என்றார்கள், வெளியூர் ஆளை இறக்கினார்கள், வரப்பில் மறித்தார்கள், போலீஸ் வேன் வந்து நின்றது. சங்கத்தில் முன்னால் நின்றவர் பாக்கியத்தின் அண்ணன். அவரைப் பிடித்துக்கொண்டுபோன மறுநாள் குடியானத் தெருத் தட்டுகள் வரவில்லை. அடுத்த வாரம் ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு மனு போயிற்று. காலனி ஆள் சமைக்கக் கூடாது என்று எழுதினால் சட்டம் பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சத்துணவுக் குழம்புக்குக் கெட்டுப்போன பொடியைப் போடுகிறார்கள், பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டுகிறது என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் என் வீட்டுச் சொந்தக்காரரும் ஒருவர். நான் வாடகைக்கு இருந்தது குடியானத் தெருவில்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். பாவம், அவருக்கும் அன்றைக்கு இது நாலாவது ஊர். வாசலில் மனுக்காரர்கள், அடுப்போரம் பாக்கியம், நடுவில் டின். மூடியைத் திறந்து என்னிடம் தள்ளி, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தேன். மல்லி குப்பென்று ஏறியது. பின்னாலேயே மிளகாய் நெடி. எனக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டேன். தும்மியிருந்தாலே போதும், பொடி நல்லது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியிருந்திருக்காது.

"கொஞ்சம் பழைய வாடை அடிக்குது சார்" என்றேன்.

பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகவும் தோன்றியது. பழி பொடியோடு போகும், டின்னைக் கொட்டிவிட்டுப் புதிதாக அரைப்போம், கையெழுத்துப் போட்டவர்களுக்கும் மரியாதை மிஞ்சும், தட்டுகள் திரும்பி வரும், பாக்கியத்தின் வேலையும் தப்பும் என்று கணக்குப் போட்டேன். அதிகாரி அங்கேயே எழுதினார். சமையலரின் கவனக்குறைவு என்று எழுதி, அமைப்பாளரின் வாக்குமூலம் என்று என்னிடமே கையெழுத்து வாங்கினார். நான் பொடியைத்தான் சொன்னேன், ஆளைச் சொல்லவில்லை என்று முனகினேன். பொடி தானாகவா கெட்டுப்போகும் என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பத்து நாளில் குடியானத் தெருவிலிருந்து புதுச் சமையலர் வந்தார். தட்டுகள் திரும்பின. எனக்குச் சம்பளம் வந்தது.

வேலை போன அன்று சாயங்காலம் பாக்கியம் என்னைப் பார்க்க வந்தார். திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் இது என்னோடு வந்திருக்காது. முந்தானையில் முடிந்திருந்த பொடியை அவிழ்த்து நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல டீச்சர். நீங்க மோந்து பாத்தவுங்க. எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. வேற எங்கயாச்சும் வேல கெடச்சா சரியா செய்வேன்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசலில் வீட்டுச் சொந்தக்காரர் நின்றுகொண்டிருந்தார். "சூட்டோட மூடிட்ட போலருக்கு" என்றேன். பாக்கியம் யோசித்துப் பார்த்தார். ஆறவிட்டது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்திருக்கும். ஆனாலும் தலையை ஆட்டினார். "அப்படித்தான் இருக்கும்" என்றார். அந்த ஊரில் பாக்கியத்துக்குத் தெரியாமல் ஒரு பொடி கெட்டதில்லை. அவர் தன்னை விட்டுவிட்டு என்னை நம்பிக்கொண்டு போனார்.

ஆறு மாதத்தில் நான் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். போன வருஷம் வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் வழியில், என்ன தோன்றியதோ, அந்த ஊருக்குப் போனேன். முத்துப்பேட்டையில் ராவுத்தர் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஊரில் மில்லின் ஷட்டர் துருப்பிடித்திருந்தது. அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது, கூலி கேட்கவும் ஆளில்லை, மறுக்கவும் ஆளில்லை. குடியானத் தெருப் பிள்ளைகளை வேன் வந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அள்ளிக்கொண்டு போகிறது. நம் பள்ளிக்கூடத்தில் இப்போது பதினெட்டுத் தட்டுதான் என்றார்கள்.

காலனியில் பாக்கியத்தின் மகள் மாடி வீடு கட்டியிருக்கிறாள். நர்ஸ் வேலை. என்னை அடையாளம் கண்டுகொண்டு, உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். சுவரில் பாக்கியம், மாலையோடு. ஏழு வருஷமாகிறதாம்.

"அம்மா அதுக்கப்பறம் எங்கயும் சமையலுக்குப் போகல டீச்சர். வீட்டுக்குப் பொடி அரைச்சாக்கூட ராத்திரி முழுக்க மூடவே மாட்டாங்க. ஆறிடுச்சான்னு என்னையக் கைய வச்சுப் பாக்கச் சொல்லுவாங்க. 'எனக்குப் பதம் தெரியாது, டீச்சரே சொல்லிட்டாங்க'ன்னு சொல்லுவாங்க."

குறையாகச் சொல்லவில்லை. டீச்சர் சொன்னதை அம்மா எவ்வளவு மதித்தார் என்று எனக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னாள். சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் விட்டதை இந்தப் பெண்ணிடமாவது சொல்லியிருக்கலாம். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டேன்.