எக்ஸ்சேஞ்சில் எண்பது டிகிரி

"செவ்வாய், மாலை மூன்று மணி. ஆபரேட்டர் அறை, எண்பது டிகிரி. காற்று நன்று."

என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது. தேதியின் மேல் மை கரைந்துவிட்டது. மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் பெற்றதற்கு, அடுத்த ஆண்டு, மார்ச் மாதம் என்பது மட்டும் உறுதி. ஃபாரன்ஹீட் தெர்மோமீட்டரை நானே பார்த்து எழுதினேன். ஆனாலும் அந்த எண்பது தப்பு.

அப்போது பண்டார் ஹிலிரில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். புதிய தொலைபேசி நிலையத்துக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தோம். தானாக இணைப்புக் கொடுக்கும் இயந்திரங்கள் வரப்போகின்றன. அவை ஓயாமல் சூடு கக்கும். அதனால் எந்த அறையில் எவ்வளவு சூடு சேரும், அதைத் தணிக்க எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று, கட்டடம் எழும்புவதற்கு முன்பே மாதவாரியாகக் கணக்குக் காட்டவேண்டும். மொத்தம் விதித்த அளவுக்குள் இருந்தால்தான் கட்டுவதற்குச் சான்று கிடைக்கும். அந்தக் கணக்கு என் பொறுப்பு.

வெளியூர் அழைப்புகளுக்கு அப்போதும் ஆபரேட்டர்கள் வேண்டும். அவர்களில் ஒருத்தி என் அக்கா. காஜா பேராங்கில் ஒரே வீட்டில் இருந்தோம். பழைய நிலையத்தின் புழுக்கத்தில் அவள் ஒருமுறை ஹெட்செட்டோடு மயங்கி விழுந்திருக்கிறாள். புதிய அறையைக் குளிரூட்ட ஏர்கோன் கிடைக்குமா என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி.

பழைய அறையின் சூட்டை அளந்துதான் புதிய அறையின் தேவையைக் கணிக்கவேண்டும். மூன்று நாள் போனேன். ஒவ்வொரு நாளும் காலையில் பசியாறும்போதே அக்காவிடம் நேரத்தைச் சொல்லிவிடுவேன். போனால், தரை கழுவி ஈரமாக இருக்கும். தமிழ் அதிகம் வராத, சிட்டி என்ற மலாய்க்கார ஆபரேட்டர் அக்கா ஒருவர், "ஆடிக், டுடோக் டுலு" என்று மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். விசிறிக்கு முன்னால் துணி போர்த்திய தகரத் தொட்டி ஒன்று இருந்தது. குடிதண்ணீர் என்று நினைத்தேன்.

மூன்று நாளும் எண்பதை ஒட்டியே வந்தது. என் கணக்குப்படி புதிய அறைக்கு ஏர்கோன் தேவையில்லை. தலைமை வரைவாளர் சிவப்புப் பென்சிலால் அதைப் படத்திலிருந்து அடித்துவிட்டார்.

அன்று சாப்பிடும்போது சொன்னேன். அக்கா சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"எம்பதா? எந்த ரூம்ல போயி அளந்த?"

"உங்க ரூம்லதான்க்கா."

"அட மடையா! நீ வர்றேன்னுதானே எல்லாரும் சேந்து ஐஸ் வாங்கி வெச்சோம். நம்ம வீட்டுப் புள்ள வேர்த்து ஊத்திக்கிட்டா உக்காந்து எழுதும்?"

"அந்தத் தொட்டியில ஐஸா?"

"பின்ன என்ன, மீனா? தேதி, கெழமை எல்லாம் எழுதுவ. துணியத் தூக்கிப் பாக்கத் தெரியாதா லா?"

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். தரை காய்ந்து கிடந்தது. தொட்டியைக் காணோம். தொண்ணூற்றொன்று.

தலைமை வரைவாளர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "இதுல எதய்யா நான் நம்புறது?"

"ரெண்டாவது, சார். மொத தடவ எனக்கு விருந்து வெச்சிட்டாங்க."

ஐஸ் கதையைக் கேட்டு வெகுநேரம் சிரித்தவர், பென்சிலை என் பக்கம் உருட்டினார். "ஏர்கோனச் சேத்தா மொத்தம் தாண்டுதே. அதுக்கு வழி சொல்லு."

படத்தில் ஆபரேட்டர் அறை மேற்கு வெயிலில் இருந்தது. அதை வடக்கே கொண்டுபோய், அந்த இடத்தில் சாமான் அறையை வைத்தேன். கூரையின் இறவாரத்தை நீட்டினேன். இயந்திர அறையின் மேற்குச் சன்னல்களை அடைத்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பன்னிரண்டு மாதக் கணக்கையும் மறுபடி போட நான்கு நாள் ஆயிற்று. அளவுக்குள் அடங்கியது. சான்று வந்தது, ஏர்கோனும் வந்தது.

புதிய அறையில் உட்கார்ந்த முதல் வாரமே அக்கா ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவில் ஒரு சால்வை வாங்கிக்கொண்டாள். "ரொம்பக் குளிருது லா" என்று போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையாகக் குறைப்பட்டுக்கொண்டாள்.

அந்தக் கட்டடம் நான் கணித்த அளவு மின்சாரத்தைத்தான் செலவழித்ததா என்பது எனக்குத் தெரியாது. மீட்டர் பதிவுகளைக் கேட்டு நிலையத்துக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. அதனால் என் கணக்கைச் சரிபார்க்கப்படாதது என்றே இங்கே குறிக்கிறேன்.