வன்னிச்சி வழிக்குப் பதில் சொன்னவள்

பேய் பிசாசு என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் வெற்றிலை துப்புகிற சாட்டில் எழுந்து போகிறவன் நான். முப்பத்திரண்டு வருடம் நில அளவைக் கந்தோரில் படவரைஞனாக இருந்தேன். எல்லைக்கல் இருந்தால் கோடு, இல்லாவிட்டால் கோடு இல்லை, எனக்குத் தெரிந்த ஞானம் அவ்வளவுதான். வயதான மனுசன், துக்கத்தில் காது ஏமாற்றியிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம், என் மூத்த மகனும் அப்படித்தான் சொன்னான். நினைத்துவிட்டுப் போங்கள். ஆனால் அன்று அந்தக் குரலைக் கேட்டது நான் மட்டும் இல்லை.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். எங்கள் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழியில் வரும். நான் என் அம்மாவின் குடி, என் இரண்டு ஆண்பிள்ளைகளும் என் மனைவியின் குடி. எங்கள் குடிக்கு மூலத்தாய் ஒரு வன்னிச்சி, அதாவது அந்தக் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட வன்னிமைக் குடும்பத்துப் பெண், என்று பேச்சு. அதனால் அம்மன் கோயில் சடங்கின் கடைசி நாள், மதியப் பூசை முடிந்து குடிகளை வரிசையாகக் கூப்பிட்டு வெற்றிலை வட்டா கொடுக்கும்போது முதல் வட்டா எங்களுக்கு. கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் வாசலில் நின்று “வன்னிச்சி வழி!” என்று மூன்று தரம் கூப்பிடுவார். குடிப் பெண் ஒருத்தி, அல்லது அவளுக்காக அவளுடைய அண்ணனோ தம்பியோ, “ஓம், இரிக்கம்” என்று சொல்லி வாங்க வேண்டும். அரச பரம்பரையில் எங்களுக்கு மிஞ்சியது அந்த இரண்டு சொல்லும் ஒரு பித்தளைத் தட்டும்தான்.

எனக்கு ஒரே தங்கச்சி, புவனா. அவளுக்கு ஒரே மகள், தர்சினி, ஒன்பது வயது. மச்சான் கட்டாரில், தாயும் மகளும் ஆரையம்பதிப் பக்கம் கடற்கரையோரம் இருந்தார்கள். மார்கழி விடுமுறைக்குச் சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒரு வரைபடம் முடியவில்லை, திங்கட்கிழமை வருகிறேன் என்று ஆள் அனுப்பினேன். ஞாயிறு காலை கடல் வந்தது. புவனாவை ஒரு தாழம்பற்றைக்குள் இருந்து நானே எடுத்தேன். தர்சினியை எடுக்கவில்லை. இன்றுவரைக்கும் இல்லை.

அதற்குப் பிறகும் வருடா வருடம் “ஓம், இரிக்கம்” என்று சொல்லி வட்டாவை வாங்கினேன். யார் இருக்கிறோம்? சொல்லும்போதே வாய் கசக்கும். கடைசியில் மற்றக் குடிக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வண்ணக்கர் நல்ல மனுசன், பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவர். வீட்டுக்கு வந்து, போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

“அண்ணன், குறை நினைக்காதீங்க. பொம்புளவழி இல்லாத குடிக்கு என்னத்துக்கு முதல் வெத்தில எண்டு கேக்கிறாங்க. நான் என்ன செய்யிற? உங்கட வழியில ஒரு பொம்புளப்புள்ளயக் காட்டுங்க, எங்கயோ தூரத்துல இருந்தாலும் போதும்.”

அப்படித்தான் நான் அந்தப் பரம்பரைப் படத்தைத் தொடங்கினேன். பெருமைக்கு இல்லை. புவனாவோடு முடிந்துபோகவில்லை என்று எனக்கு நானே காட்ட வேண்டியிருந்தது. பழைய காணி உறுதிப் பத்திரங்கள், கோயில் ஏடு, செத்த வீட்டில் அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகங்கள் என்று தேடி, கந்தோரில் பாவித்த அதே பெரிய தாளில் கோடு இழுத்தேன். மேலே ஏறும்போது சுகமாக இருந்தது, நம்பமாட்டீர்கள், அம்மா, அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று எட்டுத் தாய்மாரைத் தாண்டி வன்னிச்சி வரைக்கும் போய்விட்டேன். கீழே இறங்கியபோதுதான் விளங்கியது. ஒவ்வொரு தாயின் சகோதரிகளையும் பிடித்து இறங்கினால் ஒரு கிளையில் எல்லாம் ஆண்பிள்ளைகள், ஒரு கிளை வாந்திபேதியில் போய்விட்டது, ஒரு கிளை சூறாவளியில் வீட்டோடு போனது, இன்னொன்று சண்டைக் காலத்தில். கிளை அறுந்த இடத்தில் சின்னதாக ஒரு குறுக்குக்கோடு போடுவேன். மூன்று வருடத்தில் தாள் முழுக்கக் குறுக்குக்கோடு.

மிஞ்சியது ஒரே ஒரு கிளை, உன்னிச்சையில். மோட்டார் சைக்கிளில் போனேன். குளத்துக்குக் கீழே வயலில் நின்ற ஒரு மனிதரைக் காட்டினார்கள். வரம்பில் நின்றபடியே விசயத்தைச் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“எங்கட அம்மா உங்கட குடிதான். அதுக்கென்ன?”

“உங்களுக்கு அக்கா தங்கச்சி இருக்காங்களா?”

“ஒரு தங்கச்சி இருந்த. சண்டைக் காலத்துல போன, வரல்ல.” மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, “நீங்க அவட பேர எழுதுறண்டா எழுதுங்க. செத்த எண்டு மட்டும் எழுதாதீங்க” என்றார்.

நான் எதையும் எழுதவில்லை. திரும்பி வருகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு மதகில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அந்த வருடச் சடங்குக்கு முதல் நாள் வண்ணக்கரிடம் போய், “நாளைக்கு வழக்கம்போல மூணு தரம் கூப்பிடுங்க. நான் பதில் சொல்லமாட்டன். அதோட விட்டிருங்க” என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் நல்ல வெயில், உச்சி நேரம். நான் முன்னால் அம்மனைப் பார்த்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் இடப்பக்கம் முழுக்கப் பெண்கள், என் மனைவி மல்லிகாவும் அங்கேதான். வண்ணக்கர் கூப்பிட்டார், “வன்னிச்சி வழி!” பறை நின்றிருந்தது. இரண்டாம் தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிடும்போது அவருடைய குரல் உடைந்தது.

“ஓம், இரிக்கம்.”

என் முதுகுக்குப் பின்னால், பத்து முழம்கூட இருக்காது. பெண் குரல். சிறுபிள்ளையின் குரல் என்றால் மகன் சொன்னதைப் போல மனப்பிரமை என்று விட்டிருப்பேன். இது முப்பது வயதுப் பெண்ணின் குரல், நான் வாழ்நாளில் கேட்டிராத குரல். தர்சினி இருந்திருந்தால் அந்த வயதுதான். அங்கே ஒரு பிழை விட்டேன். உடனே திரும்பவில்லை. திரும்பினால் தர்சினி இல்லாமல் வேறு ஒருத்தி நிற்பாளோ என்று பயந்து, நாலைந்து மூச்சு விடும் நேரம் அப்படியே நின்றேன். வண்ணக்கர் வட்டாவோடு என்னைக் கடந்து பின்னால் போனார். நான் திரும்பியபோது அவர் வெறும் கையோடு நின்றார்.

“ஆரு வாங்கின?” என்று கத்தினேன்.

“இஞ்சதான் நிண்ட! ஒரு இளம் பொம்புள, கத்தரிப்பூக் கலர் சீல, பக்கத்துல ஒரு சின்னப் புள்ள. கையிலதானே குடுத்த நான்!”

மல்லிகா பெண்களுக்குள் இருந்து ஓடி வந்தாள். “குரல் கேட்டதுங்க. எனக்குப் பக்கத்துல இருந்துதான் வந்த. ஆனா அந்த இடத்துல ஆரும் இருக்கல்ல” என்றாள். குரல் கேட்டதாக இருபது முப்பது பேர் சொன்னார்கள், ஆளைக் கண்டதாகச் சொன்னது வண்ணக்கர் மட்டும்தான். பஸ்காரனிடம் கேட்டேன், ஓடத்துறையில் கேட்டேன், அன்று ஊருக்குள் வந்த வெளியாட்களை எல்லாம் விசாரித்தேன். வட்டாவைப் பொழுது படுவதற்குள் கோயிலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது முறை. அது வரவில்லை. ஏழு வட்டா இருந்த கோயிலில் இன்றைக்கு ஆறுதான் இருக்கின்றன, போய் எண்ணிப் பாருங்கள்.

ஒரு வருடம் முழுக்க நான் சீவித்தது அடுத்த சடங்குக்காக. தெருவில் அந்த நிறத்தில் சேலை கண்டால் பின்னாலே போவேன். ஒருமுறை ஓட்டமாவடிச் சந்தியில் ஒரு பெண்ணின் முன்னால் போய் நின்றேன், அவள் பயந்துவிட்டாள், மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். சடங்கு வந்தது. இந்த முறை பெண்கள் பக்கம் பார்த்தபடியே நின்றேன். வண்ணக்கர் மூன்று தரம் கூப்பிட்டார். பிறகு பெரியவர்கள் சொன்னதால் நாலாம் தரமும் கூப்பிட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. முதல் வட்டா அடுத்த குடிக்குப் போனது. வாங்கினவர் என்னைப் பார்க்காமல் வாங்கினார்.

சனம் கலைந்த பிறகு வண்ணக்கர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார்.

“அண்ணன், போன வருசம் உங்களுக்கு ஒண்ட மறைச்சிட்டன். சொன்னா தாங்கமாட்டீங்க எண்டு பயம்.”

“சொல்லுங்க.”

“வட்டாவக் குடுக்கக்குள்ள, அந்தச் சின்னப் புள்ள உங்கட முதுகக் கையால காட்டி, தாய்ர சீலயப் பிடிச்சி இழுத்த. கூப்பிடட்டா எண்டு கேக்கிற மாதிரி.”

“பிறகு?”

“அவ உங்களக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நிண்ட. பிறகு வேணாம் எண்டு தலையாட்டிற்று, புள்ளயக் கூட்டிற்றுச் சனத்துக்குள்ள போயிற்றா.”

அது பேயா மனுசியா என்று இப்போது நான் யாரிடமும் கேட்பதில்லை. கோயிலுக்குப் போனால் கடைசிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்காருகிறேன். அப்படி உட்கார்ந்தும், அந்தப் பிள்ளை கையைக் காட்டிய இடம், இரண்டு தோளுக்கும் நடுவில், இன்னும் கூசுகிறது.