கல்யாணக் கார்டில் அம்மாவின் பெயர்

மலாக்கா புக்கிட் காத்திலில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மாதம் ஒரு ஞாயிறு ஆறேழு பெண்கள் கூடி ஒரு நாவலைப் பேசுவோம். பேச்சு பாதி, பலகாரம் பாதி. கூட்டத்துக்குத் தலைவி ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். வாயும் பெரிது, மனசும் பெரிது. அவர் மகனும் என் மகளும் செங் வட்டாரத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து, விரும்பி, பரிசம் போடுவது வரைக்கும் பேச்சு வந்திருந்தது.

அன்று கூட்டம் டீச்சர் வீட்டில். அவர் எடுத்தது ஒரு கனடா நாவல். ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்து எங்களுக்குத் தமிழில் கதை சொன்னார். மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் குடியேறி விவசாயம் செய்யும் ஊர். எந்நேரமும் ஜெபம். ஆனால் அந்த மண்ணின் பூர்வகுடிகளையும், மெத்தீ என்கிற கலப்பு வம்சத்தாரையும் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். அறுவடைக்குக் கூப்பிடுவார்கள், சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிடமாட்டார்கள். டீச்சருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“சாமி கும்பிடற கூட்டமா இது? நல்ல வேள, நம்மகிட்ட இந்தப் புத்தி இல்ல லா!”

சொல்லி வாய் மூடவில்லை, அவர் மகன் மோட்டார் சைக்கிளில் வந்த கலைந்த தலையோடு உள்ளே நுழைந்தான்.

“தலையப் பாரு, சக்காய் மாதிரி! போய்ச் சீவிட்டு வா.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒராங் அஸ்லி மக்களுக்கு, இந்த நாட்டின் பூர்வகுடிகளுக்கு, நம்மவர்கள் வாய் கூசாமல் சொல்லும் பெயர் அது. தலை வாராத பிள்ளை சக்காய், சட்டை போடாமல் திரிகிறவன் சக்காய். கேட்டால் “சும்மா ஒரு பேச்சுக்கு” என்பார்கள். எனக்குச் சுருக்கென்றது. எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் அன்று கோபத்தோடு சிரிப்பும் சேர்ந்து வந்து தொலைத்தது.

“டீச்சர், எங்கம்மா ஒராங் அஸ்லிதான். அதுல தெமுவான் இனம். எங்கப்பா எஸ்டேட் லோரி ஓட்டினவரு, ஆசப்பட்டுக் கட்டிக்கிட்டாரு. அப்ப நான்தான் உங்க கதையில வர்ற மெத்தீ. வரப்போற மருமகளுக்கும் அதுல கொஞ்சம் இருக்கு, பாத்துக்குங்க.”

கடித்த வடை பாதியில் நின்றது. மகன் மட்டும் சிரித்தான், அவனுக்கு முன்பே தெரியும். டீச்சர் தடுமாறி, “அடியே, பாத்தா தெரியலயே!” என்றார்.

“நீங்க சொன்ன நாவல்ல அந்தப் போதகர் பொண்டாட்டியும் இதையேதான் சொல்றா, டீச்சர்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கொல்லென்று சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போனதும் பயம் பிடித்தது. என் வாயால் மகள் கல்யாணம் நின்றுவிட்டால்?

அந்த வாரமே டீச்சர் பழத்தட்டும் சேலையுமாக டுரியான் துங்காலில் இருக்கும் என் அம்மாவைப் பார்க்க என்னோடு வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

“வாங்க டீச்சர். நான் கட்டிக்கறப்ப எங்க ஊரு கம்போங்ல என்ன கேட்டாங்க தெரியுமா? ‘போயும் போயும் ஒரு கெலிங்கா?’ன்னு.”

தமிழரைக் குத்தும் சொல் அது. டீச்சர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அப்ப சரிக்குச் சரியாப் போச்சும்மா!”

“போகல,” என்றார் அம்மா, சிரித்த முகமாகவே. “கல்யாணத்தன்னைக்கே எங்க மாமியா என் பேர எடுத்துட்டு ஒரு சாமி பேர வச்சாங்க. மக கார்டுலயும் அதையேதான் அடிச்சாங்க. பேத்தி கார்டுலயாவது எங்கப்பா வச்ச பேரப் போடுவீங்களா?”

அம்மா யாரிடமும் எதையும் கேட்கிறவர் இல்லை. டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கார்டு அடிக்க மலாக்கா டவுனுக்கு நானும் டீச்சரும் போனோம். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, “டீச்சர், பாட்டி பேரு தப்பா இருக்கே. தமிழ்ப் பேரு மாதிரியே இல்ல. நான் சரி பண்ணிடட்டுமா?” என்றார்.

“எங்க சம்மந்தியோட அம்மா பேரு லா அது! ஒரு எழுத்து மாறட்டும், மொத்தக் கார்டும் உங்க கடையிலதான் கெடக்கும்.”

சொல்லிவிட்டு, வகுப்பில் வருகை எடுப்பதுபோல அந்தப் பெயரை உரக்கப் படித்துக் காட்டினார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அம்மாவின் சொந்தப் பெயரை வெளியார் யாரும் வாய்விட்டுச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.