சுக்கானுக்கு ஒரு பங்கு

பங்கு அக்கா மேசைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு கால்களை மட்டும் வெளியே விட்டிருக்கிறார். ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆழமானிக்கு வருதா?" என்று குரல் கொடுக்கிறார்.

"வருதுக்கா."

"பதிவு கம்ப்யூட்டருக்கு?"

"வருது."

கடலடியை அளக்கும் சிறிய கப்பல் இது. கம்பத்து உச்சியில் இருக்கும் ஆன்டெனா, கப்பல் இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்ற சேதியைச் செயற்கைக்கோள்களிடமிருந்து வாங்குகிறது. அந்த ஒரே சேதி எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேர வேண்டும். அதைப் பிரித்து அனுப்பும் பெட்டி இவர் பொறுப்பு. அதனால் பெயரே 'பங்கு அக்கா' ஆகிவிட்டது. இவரைவிட மூத்த கேப்டனும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"ஒருத்தருக்கு நொடிக்கு ஒரு தடவை போதும், இன்னொருத்தருக்குப் பத்து தடவை வேணும். யாருக்கும் மனசு கோணக் கூடாது" என்பார், கருவிகளைப் பற்றி. கரையிறங்கினால் இரண்டாவது திருப்பத்திலேயே வழி தவறிவிடுவார். "கப்பல் எங்க இருக்குன்னு கேளுங்க, சொல்றேன். நான் எங்க இருக்கேன்னு மட்டும் கேக்காதீங்க."

சுக்கான் பிடிப்பவர் இவருடைய கூடப்பிறந்த தம்பி. வாதத்தில் விழுந்த அப்பாவை, இவர் கடலில் இருந்த சமயம், ஒரு வார்த்தை சொல்லாமல் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை. "சுக்கானுக்கு வருதான்னு கேளுங்க" என்று இவர் சொல்ல, சமையல்காரர் மாடியேறிப் போய், "வருதாம்" என்று திரும்பி வருவார். அதில் அவருக்குச் சலிப்புதான்.

கப்பலைப் பார்க்க நான் போயிருந்த அன்று நல்ல மழை. துறைமுக வாயிலில், அலைதடுப்புக் கற்களை ஒட்டி அளந்துகொண்டிருந்தார்கள். பங்கு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தார். சிவப்பு மிதவை ஒன்று எங்களைத் தாண்டிப் பின்னால் போனது. தம்பிக்கு முன்னால் இருக்கும் திரையின் நகல் இந்த அறையிலும் உண்டு. அதில் அதே மிதவை இன்னும் வெகுதூரம் முன்னால் நின்றது.

நேரே இன்டர்காமிடம் போனார்.

"தம்பி, நிறுத்துடா."

மேலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. எஞ்சின் அடங்கியது, உடனே உறுமிக்கொண்டு கப்பல் பின்வாங்கியது. மேசையிலிருந்த டம்ளர்கள் சரிந்து விழுந்தன. மழைத்திரைக்குள்ளிருந்து கற்கள் தெரிந்தன. அவற்றில் படிந்திருந்த பாசிகூடத் தெரிந்தது.

முந்தின நாள் அக்கா புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைச் சுக்கான் திரைக்குப் போகும் வயரிலேயே சேர்த்திருந்தார். ஒரே தடத்தில் சேதிகள் குவிந்து, திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிவிட்டது. தாண்டிவிட்ட இடத்தைத்தான் தம்பி பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

பங்கு அக்கா நனைந்தபடி மேலே போய்க் கேப்டனிடம் சொன்னார்: "நான் கோத்தது சார். அவன் மேல தப்பில்ல." தம்பி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் முகத்தை இவர் பார்க்கவில்லை.

"காலைல அளந்த வரிசை எல்லாம் கோணலா இருக்கும். மறுபடி போகணும்" என்றார் கேப்டன்.

"போகணும் சார்."

நங்கூரம் போட்டார்கள். கீழே வந்து புது வயரைக் கழற்றித் தனித் தடம் கொடுத்தார். திருகாணி இரண்டு முறை நழுவிக் கீழே விழுந்தது. அறையிலிருந்த நாங்கள் தேநீர் குடிக்கலாம் என்று ஒவ்வொருவராக வெளியே வந்தோம்.

நான் வாசற்படியைத் தாண்டும்போது இன்டர்காம் கரகரத்தது.

"அக்கா, இப்ப சரியா வருது."

அவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்பா எப்படிடா இருக்காரு?" என்றார். எங்கள் பக்கம் திரும்பாமலே, காலை நீட்டிக் கதவைத் தள்ளிச் சாத்தினார்.